சிஸ்டர் இக்னேஷியா: சேர்க்கை மேசையில் அமர்ந்திருந்த குடிநோய் ஆலோசகர் (கேள்வி பதில்)

சிஸ்டர் இக்னேஷியா 1966 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ரிச்ஃபீல்டில் உள்ள தம் சபையின் இல்லத்தில் காலமானார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., அமைப்பு தோன்றிய காலத்தில் குடிநோயாளிகளுக்கு மருத்துவமனைக் கதவைத் திறந்துவிட்டவர் இவர். அவரது நினைவு நாளையொட்டி மறுவாழ்வு மையப் பணியாளர்களும் செவிலியர்களும் குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

சமூகப்பணி மாணவி, மதுரை: இவர் மருத்துவரா, உளவியல் படித்தவரா? இவரும் முன்பு குடித்துவிட்டு மீண்டவரா?

மூன்றும் இல்லை. அவர் இசை ஆசிரியை. 1889-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்தார், இயற்பெயர் டெல்லா கேவின். சிறு வயதிலேயே குடும்பம் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1914-ல், 25 வயதில், புனித அகஸ்தின் கருணைச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, அங்கும் இசைதான் கற்பித்தார். வேலைச் சுமையில் உடலும் மனமும் ஒருசேர நொறுங்கின. இசைப் பணியை விட்டுவிட்டு, இலகுவான வேலை என்று அக்ரன் நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுப்பப்பட்டார். எந்த நோயாளிக்கு எந்தப் படுக்கை என்று தீர்மானிக்கும் மேசை அது. பிற்பாடு நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த மேசைதான் காரணம் என்பேன். மெலிந்த, சிறிய உருவம். குடிநோயாளியாக இருந்ததில்லை, ஆனால் தானே ஒரு முறை உடைந்து எழுந்தவர். எதிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவனை அவர் பார்த்த பார்வையில் அந்த அனுபவம் இருந்திருக்கும்.

மறுவாழ்வு மையப் பணியாளர், சேலம்: 1939 ஆகஸ்ட் 16 என்ற தேதியை எல்லோரும் சொல்கிறார்கள். அன்று நடந்தது என்ன?

பின்னணியைச் சொன்னால்தான் புரியும். ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அதைத்தான். அவரும், நியூயார்க்கிலிருந்து வந்த மற்றவரான பில் வில்சனும் குடிநோயாளிகளைத் தேடிப்பிடித்துப் பேசத் தொடங்கினார்கள். ஆனால் முதல் சில நாட்களின் நடுக்கத்தைத் தாண்ட ஒரு படுக்கை வேண்டுமே? அன்றைய மருத்துவமனைகள் குடிகாரரைச் சேர்ப்பதில்லை. ரகளை செய்வார், பணம் கட்டமாட்டார், வெளியே போனதும் திரும்பக் குடிப்பார் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இக்னேஷியா அதற்கு முன்பே ஒருவரைச் சத்தமில்லாமல் சேர்த்துப் பார்த்திருந்தார். அவருக்கு இரவில் பிதற்றல் கண்டு, வார்டே அமளிப்பட்டது. இன்னொருவரைச் சேர்த்தால் நீங்களே ராத்திரி முழுக்க விழித்திருந்து தாழ்வாரத்தில் அவர் பின்னால் ஓடுங்கள் என்று இரவு மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார். ஆகவே டாக்டர் பாப் கேட்டபோது அவர் தயங்கியதில் வியப்பில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டு, நீங்கள் சொன்ன அந்த ஆகஸ்ட் 16 அன்று பதிவேட்டில் 'கடும் இரைப்பை அழற்சி' என்று எழுதி ஆளைச் சேர்த்தார். குடித்துக் குடித்து வயிறு புண்ணானவருக்கு அது முழுப் பொய்யும் ஆகாது.

முதலில் இரண்டு படுக்கை கொண்ட அறை கொடுத்தார். குடியை விட்ட ஆட்கள் வந்து பேசுவார்கள், தனியிடம் வேண்டும் என்றார் டாக்டர் பாப். தனியறை காலியில்லை. நோயாளிகளுக்கு வரும் பூக்களை வைத்து அடுக்கும் சிற்றறை ஒன்று இருந்தது. கட்டிலை அதற்குள் தள்ளினார்கள். அங்கேதான் தொடங்கியது.

ஆலோசகர், கோவை: அவருடைய ஐந்து நாள் முறையை நாள்வாரியாகச் சொல்ல முடியுமா, ஐயா?

முதல் நாள் வரவேற்பு. நோயாளி தனியாக வரமாட்டார், ஏ.ஏ.வில் நிலைத்துவிட்ட ஒருவர், ஸ்பான்சர், அழைத்து வருவார். இக்னேஷியா முதலில் அந்த ஸ்பான்சரைத்தான் விசாரிப்பார்: இவருக்கே விட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா, வீட்டார் நெருக்கடிக்காக வந்தாரா? உள்ளே எடுத்ததும் வெளியுடுப்பை வாங்கி வைத்துவிட்டு பைஜாமாவும் மேலங்கியும் தருவார்கள். நடுராத்திரியில் மனம் மாறிக் கிளம்பிப்போவதை இது தடுத்தது.

இரண்டாம் நாள், தனக்கு இருப்பது நோய், தன் பலத்தால் மட்டும் வெல்ல முடியாதது என்று உணர்வது. மூன்றாம் நாள் மனக்கணக்கு, செய்ததையும் செய்யத் தவறியதையும் ஒளிக்காமல் எடுத்து வைப்பது. நான்காம் நாள் உறுதி. இங்கே அவர் 'இனி வாழ்நாளில் தொடமாட்டேன்' என்ற சபதத்தை விரும்பியதில்லை, இன்றைக்கு ஒரு நாள் என்பதுதான் கணக்கு. ஐந்தாம் நாள் இனி என்ன என்ற திட்டம்: எந்த ஊர்க் கூட்டம், யாருக்கு எப்போது ஃபோன், வேலை, வீடு.

செய்தித்தாள், வானொலி, வெளி ஃபோன் கிடையாது. பார்வையாளர்கள் ஏ.ஏ.க்காரர்கள் மட்டுமே, காலை முதல் இரவு வரை மாறி மாறி வருவார்கள். காபி எப்போதும் சூடாக இருக்கும். நான்காம் நாளில் இருப்பவர், அன்று காலை வந்து கை உதறிக்கொண்டிருப்பவருக்குக் கோப்பையைப் பிடித்துக் கொடுப்பார். வந்தவருக்கு நான்கு நாளில் தான் எப்படி இருப்போம் என்பது கண்முன் தெரியும், கொடுத்தவருக்குத் தான் எப்படி வந்தோம் என்பது மறக்காது. இந்த ஏற்பாட்டைத்தான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பாக நான் மதிக்கிறேன். நம் மையங்கள் பலவற்றில் புதியவரைத் தனி அறையில் வைத்து, ஓரளவு தேறியபின்தான் குழுவில் சேர்க்கிறோம். அபாயக் கட்டம் தாண்டியதும், இரண்டாம் நாளிலேயே ஒரு மூத்த நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

செவிலியர், திருநெல்வேலி: ஐந்து நாள் என்பதற்கு மருத்துவக் காரணம் உண்டா? அன்று என்ன மருந்து கொடுத்தார்கள்?

மது நின்றதும் உடல் படும் பாடு, அதாவது விலகல், ஏறத்தாழ அந்தக் கால அளவில்தான் அடங்குகிறது. நீண்ட நாள் குடிக்கும் மூளை, மதுவின் அமுக்கத்தை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அமுக்கம் போய்விடும், கிளர்ச்சி மட்டும் நிற்கும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் பிதற்றல் சன்னி: நாள், இடம் தெரியாது, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார், காய்ச்சல், படபடப்பு. ஐந்தாம் நாளில் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள்.

ஆரம்ப நாட்களில் புளித்த முட்டைக்கோஸ், தக்காளி, சோளப்பாகு என்று கொடுத்தார்கள். சத்து வற்றிய உடலுக்கு வைட்டமினும் சக்தியும் என்ற எண்ணம். தூக்கத்துக்கு அக்காலத்தில் பாரால்டிஹைடு. அறையே நாறும் மருந்து, பிளாஸ்டிக்கைக் கரைப்பதால் கண்ணாடி ஊசிக்குழல்தான் வேண்டும், அதற்கே அடிமையானவர்களும் உண்டு.

இன்று அமைதிப்படுத்தும் மருந்துகளான டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைக்கிறோம். கல்லீரல் கெட்டவருக்கு லோராசிபாம் பாதுகாப்பு. விலகலின் கடுமையை அளக்கும் 'சீவா' (CIWA-Ar) அளவுகோலில் 10 கூறுகள், மொத்தம் 67 மதிப்பெண். சில மணிக்கு ஒருமுறை பாருங்கள், காலையில் ஒரு தடவை குறித்துவிட்டு விடாதீர்கள். முக்கியமாகத் தயமின், அதாவது வைட்டமின் பி1. குடிநோயாளியின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, அதனால் முதலில் ஊசி. தயமின் கொடுக்காமல் குளுகோஸ் பாட்டிலை ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு என்று வெர்னிக்கே நோய் தலைகாட்டும், நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தால் மட்டும் குளுகோஸைத் தாமதிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

குடும்பத்தலைவி, விழுப்புரம்: என் கணவர் தினமும் குவார்ட்டர் இரண்டு குடிக்கிறார். நாளை முதல் வீட்டிலேயே நிறுத்துகிறேன் என்கிறார். விடலாமா, அண்ணா?

வேண்டாம் அம்மா. அவர் மனம் வந்திருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் அந்த அளவு தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால், மேலே சொன்ன வலிப்பு வீட்டிலேயே வந்துவிடலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? இதில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். நாளைக் காலையே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். 14446 கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம்.

வாசகர், ஈரோடு: 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவரொட்டி பார்க்கிறோம். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் என்ன?

அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. குடியை விட மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்தால் நிலைமை மோசம். அது மது உடைவதை அசிட்டால்டிஹைடு கட்டத்தில் நிறுத்திவிடும். விஷயம் தெரியாதவர் வழக்கம்போலக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இந்த அபாயம் உண்டு. இக்னேஷியா ஸ்பான்சரிடம் கேட்ட முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள். ஆள் விருப்பமில்லாமல் அவர் ஒரு படுக்கையைக் கூடக் கொடுத்ததில்லை.

ஆலோசகர், தஞ்சாவூர்: ஒருவரை ஒரு முறைதான் சேர்ப்பார் என்று படித்தேன். மனசு ஒப்பவில்லையே?

விதி அப்படித்தான் இருந்தது. படுக்கைகள் சில, வெளியே காத்திருப்பவர் பலர். இன்னொரு காரணமும் உண்டு: திரும்பத் திரும்ப வருபவர்கள் நிறைந்த வார்டில் புதியவருக்கு நம்பிக்கை எங்கிருந்து பிறக்கும்? இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால் முதல் வாய்ப்பின் மதிப்பு போய்விடும் என்றும் கருதினார்கள்.

அவர் மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும், இதை இன்று பின்பற்றக் கூடாது என்பேன். மறுபடி குடிப்பது இந்த நோயின் போக்கிலேயே உள்ளது. ஒவ்வொரு விலகலும் அடுத்த விலகலைக் கடுமையாக்கலாம், முதல் தடவை நடுக்கத்தோடு போனவருக்கு நான்காம் தடவை வலிப்பு வரலாம். அப்படிப்பட்டவருக்கு மருத்துவமனை முன்பைவிட அவசியம். மற்றதை எல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் அந்தக் காலத்தின் நெருக்கடியோடு விட்டுவிடுங்கள்.

வாசகி, யாழ்ப்பாணம்: 'ரோசரி ஹால்' என்ற பெயருக்கு வேறு அர்த்தம் உண்டாமே?

உண்டு. 1952-ல் சபை அவரைக் கிளீவ்லாந்தின் செயின்ட் வின்சென்ட் சாரிட்டி மருத்துவமனைக்கு மாற்றியது. பாழடைந்து கிடந்த ஒரு பகுதியை, குடியை விட்ட தச்சர்களும் குழாய் வேலைக்காரர்களும் மின்பணியாளர்களும் வேலை முடிந்த நேரங்களில் வந்து புதுப்பித்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திறந்தது. முழுப் பெயர் ரோசரி ஹால் சோலேரியம். ஆங்கில முதலெழுத்துகள் ஆர், எச், எஸ். ராபர்ட் ஹோல்புரூக் ஸ்மித், அதாவது 1950-ல் புற்றுநோயில் இறந்த டாக்டர் பாப்பின் பெயருக்கும் அதே எழுத்துகள்தான்.

பில் வில்சன் கணக்குப்படி அக்ரனில் 5,000 பேர், கிளீவ்லாந்தில் 10,000 பேர் அவர் பராமரிப்பில் இருந்தார்கள். 1961-ல் அதிபர் கென்னடி சார்பில் வெள்ளை மாளிகையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஏ.ஏ. அவருக்குப் பாராட்டுப் பத்திரம் தர விரும்பியபோது, தம் பெயருக்கு வேண்டாம், சபையின் பெயருக்குத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சமூகப்பணியாளர், சென்னை: நம்மூர் மையங்களுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. 1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை மருத்துவத்தோடு இணைத்தது. சாந்தி பயிற்சி பெற்றது அமெரிக்காவின் ஹேசல்டன் குடிநோய் சிகிச்சை மையத்தில். மருத்துவமும் மீண்டவர்களின் துணையும் ஒரே கூரையின் கீழ் என்ற அந்த வழியை முன்பே நடந்து காட்டியவர்களில் இக்னேஷியா ஒருவர்.

ஆலோசகர், கடலூர்: வெளியேறும்போது ஏதோ அடையாளம் கொடுப்பாராமே? எங்கள் மையத்திலும் செய்யலாமா?

இயேசுவின் திரு இருதயம் பொறித்த சிறு அடையாளச் சின்னம். வார்டை விட்டுப் போகிறவரின் உள்ளங்கையில் வைத்து ஒரு நிபந்தனை சொல்வார்: மறுபடி குடிக்கத் தோன்றினால் குடிக்கலாம், ஆனால் முதல் கிளாசைத் தொடும் முன் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏ.ஏ. கூட்டங்களில் இன்று தரும் நாணயங்களுக்கு இதையே முன்னோடியாகச் சொல்வார்கள்.

குடி வெறி ஓர் அலை, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணிந்துவிடும். சின்னத்தைத் திருப்பித் தர பஸ் பிடித்து வர வேண்டும், வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குள் அலை இறங்கிவிடும். ஆகவே செய்வதென்றால், திருப்பித் தர ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் இரவு 9 மணிக்கும் கதவைத் திறக்க வேண்டும். பல மையங்களில் விழா வைத்துப் பதக்கம் தருகிறார்கள், யாரிடம், எந்த நேரத்தில் திருப்பித் தருவது என்று சொல்வதில்லை. சின்னம் என்னவாகவும் இருக்கட்டும், அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற ஒரு காசோ கயிறோ போதும். அதைப் பொட்டலம் கட்டும்போது கூடவே உங்கள் பெயரையும் ஃபோன் எண்ணையும் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.