பாடாங் செராயில் வீடு பார்க்கும் தம்பிக்கு

வணக்கம் தம்பி. மலேசியாவில் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு மாதம் கழித்து மனைவியும் ஆறு வயது மகளும் வந்து சேருவார்கள், எந்த ஊரில் வீடு எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உடன் வேலை செய்யப் போகிறவர்கள் பினாங்குத் தீவு என்கிறார்கள். வீட்டுத் தரகர் பாடாங் செராய்க்கு வெளியே ஒரு புதுத் தாமானில் (இங்கே குடியிருப்பு மனைக்குத் தாமான் என்று பெயர்) வீடு காட்டி, "தொழிற்சாலை வாசலுக்குப் பத்து நிமிடம்" என்கிறார். புக்கிட் மெர்தாஜாம், சுங்கைப்பட்டாணி என்று இன்னும் இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தொழிற்சாலைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், டோல் எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி கொத்தமல்லி வாங்க எங்கே போவார் என்று ஒரு வரிகூட இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் இருட்டிய பிறகு வருகிறவருக்கு எந்த ஊரும் ஒரே ஊர்தான். பகல் முழுவதும் அந்த ஊரில் இருக்கப் போகிறவர் அவர். சார்ந்தோர் விசாவில் வருகிறவர் தனி அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகவும் முடியாது. ஆகவே நான் சொல்வதெல்லாம் அவரை மனதில் வைத்துத்தான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் குடும்பம் தோட்டத்துக் குடும்பம். மாமியார் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். ரப்பர் போய்ப் பாமாயில் தரும் செம்பனை வந்தது, பிறகு பல தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டு வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. வெளியே வந்த குடும்பங்கள் பக்கத்துச் சிறு பட்டணங்களின் தாமான்களில் குடியேறின. பாடாங் செராய், லூனாஸ் இரண்டிலும் இத்தனை தமிழர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்றும் பார்க்கலாம். அந்த வெட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள்தாம் 1996இல் தொடங்கிய அந்த ஹைடெக் பார்க்கில் இப்போது உங்களோடு ஷிப்ட் பார்க்கப் போகிறவர்கள்.

முதலில் தீவை முடித்துவிடுவோம். பினாங்கு நல்ல இடம்தான். லிட்டில் இந்தியா இருக்கிறது, தண்ணீர்மலை முருகன் இருக்கிறார், கடல் இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமும் இருக்கிறது. ஆனால் விமானம் ஏறுவது வருடத்துக்கு ஒருமுறை, பாலம் ஏறுவது தினமும். 1985இல் திறந்த முதல் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். மழை பெய்யும் மாலையில் அதில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது உங்கள் மகள் தூங்கியிருப்பாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுவதும் காடு என்று நினைக்கிற தீவுக்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் வர அருமையான ஊர்.

ஞாயிற்றுக்கிழமை என்றேனே, அதுதான் இங்கே பெரிய விஷயம். யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி எல்லாம் கெடா மாநிலம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகம், வங்கிக்கிளை, அரசுப் பள்ளி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்துவிடும். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பினாங்கு மாநிலம். அங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை. தொழிற்சாலைகள் எந்த நாளில் விடுகின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களுடையது சனி, ஞாயிறு விடுகிற நிறுவனமாக இருந்து, மகள் கெடா பள்ளியில் படித்தால், மூன்று பேரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றுதான். நீங்கள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போவீர்கள், அவள் வீட்டில் இருப்பாள். ஞாயிறு நீங்கள் தூங்குவீர்கள், அவளுக்குத் தலை பின்னி அனுப்ப வேண்டும். ஒரு சனிக்கிழமையில் கோயில், சந்தை, ஊருக்குத் தொலைபேசி, துணி இஸ்திரி என்று எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். இப்படி வாழ்கிற குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு, பழகியும் விட்டார்கள். ஆனால் வந்த முதல் வருடத்தில், வேறு சொந்தம் யாரும் இல்லாத ஊரில், இது உறுத்தும். ஆகவே வாடகையைக் கேட்பதற்கு முன்னால் நிறுவனத்தில் விடுமுறை நாள் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஷிப்ட் வேலை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம், உங்களுக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான்.

பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டவர் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும், கடிதங்கள் வேண்டும், காலம் பிடிக்கும். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடாமல், பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வீட்டைத் தேடுங்கள். தமிழ்ப்பள்ளி என்றாலும் மலாய் மொழி கட்டாயப் பாடம். ஆறு வயதுக் குழந்தைக்கு அது பயமில்லை, உங்களைவிட முன்னால் அவள் சந்தையில் பேரம் பேசுவாள்.

இனி தரகர் காட்டிய வீடு. அந்தத் தாமானை நான் பார்த்ததில்லை, ஆனால் அதே மாதிரி பல தாமான்களைப் பார்த்திருக்கிறேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய அழகான டெரஸ் வீடு, இரண்டு கார் நிறுத்த இடம், சுற்றிலும் செம்பனை. தொழிற்சாலை வாசலுக்குப் பத்து நிமிடம் என்பது உண்மையாகவே இருக்கும். கார் உங்களோடு போய்விட்ட பிறகு உங்கள் மனைவிக்குப் பால் பாக்கெட் எத்தனை நிமிடம் என்று தரகரைக் கேளுங்கள். இந்த ஊர்களில் பஸ்ஸை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. செயலியில் கூப்பிடுகிற கிராப் வாடகை வண்டி பட்டணத்துக்குள் கிடைக்கும், தோட்டத்து ஓரத்துக்கு வரத் தயங்குவார்கள். என் மைத்துனர் மனைவி அப்படி ஒரு தாமானில் குடிபோனார். திருச்சியிலிருந்து வந்த பெண், கலகலவென்று பேசுகிறவர். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், பகலில் அந்தத் தெருவில் நாய்களைத் தவிர யாரும் இல்லை. மாமியார்தான் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லயத்தில்கூட இவ்வளவு தனியாக யாரும் இருந்ததில்லை" என்று மகனைத் திட்டித் தீர்த்தார். அடுத்த ஒப்பந்தம் முடிந்ததும் பட்டணத்துப் பக்கம் வந்துவிட்டார்கள்.

அதனால் என் பதில் பாடாங் செராய்தான், ஆனால் அந்த வீடு வேண்டாம். பழைய பட்டணத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற பழைய தாமானைப் பாருங்கள். வீடு சின்னதாக இருக்கும், சுவர் மங்கலாக இருக்கும், உங்கள் நண்பர்களுக்குப் படம் அனுப்பினால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். மளிகைக் கடையும் பூக்கடையும் கிளினிக்கும் கால் எட்டும் இடத்தில் இருக்கும். வேலியோரம் கறிவேப்பிலை இருக்கும்; இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பாட்டி ஒரு கன்று கொடுப்பார். காலையில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். உங்கள் மனைவிக்கு முதல் ஆறு மாதத்தில் வேண்டியது அந்தக் கேள்விதான், இரண்டாவது கார் நிறுத்தும் இடம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர் என்றால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இந்தியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி இங்கே சிலருக்கு ஓர் எண்ணம் உண்டு, நம்மவர்களுக்கும் இவர்களைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. "தோட்டத்து ஆள்" என்ற தொனியில் விமானத்திலிருந்து இறங்கும்போதே பேசத் தொடங்குகிற பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்கு இந்த ஊர் கடைசி வரை கதவு திறப்பதில்லை. நீங்கள் அப்படி இருக்க மாட்டீர்கள் என்று உங்கள் எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது.

சுங்கைப்பட்டாணி பெரிய ஊர். ரயில் நிலையம் உண்டு, கோலாலம்பூருக்கு மின் ரயில் கிடைக்கும், கடைகள் நிறைய. தொழிற்சாலைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓட்ட வேண்டும். மனைவிக்குப் பட்டணம்தான் பழக்கம் என்றால் பாடாங் செராய்க்கு அடுத்து நான் அதைச் சொல்வேன். விடுமுறை நாள் விஷயம் உங்களுக்குப் பெரிதாகப் பட்டால் மட்டும் புக்கிட் மெர்தாஜாம். அங்கேயும் ரயில் உண்டு. ஜூலையில் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் வேளாங்கண்ணி நினைவு வரும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பகலில் மட்டும் போகாதீர்கள். மழை விட்ட மாலையில் ஒருமுறை போங்கள். ரப்பர் ஆலையோ செம்பனை ஆலையோ அருகில் இருந்தால் அப்போதுதான் மூக்குக்குத் தெரியும், தரகர் சன்னலைத் திறந்து காட்ட மாட்டார். கூரை மேல் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். குழாய் நின்றுபோகும் நாட்கள் வரும். வாய்க்கால் நிரம்பி வழிகிற தெருவா என்று அண்டை வீட்டாரிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்பதில் பயன் இல்லை. நிறுவனம் தரும் மருத்துவ அட்டை எந்தப் பேனல் கிளினிக்கில் (நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக்) செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு.

பணத்தைப் பொறுத்தவரை, வழக்கம் இது: இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை. ஆக, குடிபோகும் நாளில் மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நம்பிக்கைதான்" என்று சொல்லும் வீட்டுக்காரர் தமிழராகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள். நிறுவனம் உங்களை இடம் மாற்றினால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு பிரிவை எழுதச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியும் என்றால், இங்கே ஓட்ட என்னென்ன வேண்டும் என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் நேரில் போய்க் கேளுங்கள். அந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், பழைய ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஒரு பழைய மைவி கார் வாங்கிக் கொடுத்தீர்களானால் நான் மேலே சொன்னதில் பாதி தளர்ந்துவிடும். அப்போது சுங்கைப்பட்டாணியும் லூனாஸும் அவருக்கு எட்டும் ஊர்கள்.

இரண்டு மூன்று வீடு பிடித்துப்போனால், கையெழுத்துப் போடுவதற்கு முன் தாமான் பெயரை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும், எந்த வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார் என்று மாமியாருக்கு மனப்பாடம். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.