வைஃபை அடாப்டரும் அலைவரிசைக் கட்டுப்பாடும்: சில கேள்விகள், பதில்கள்

போனில் வைஃபை தெரிகிறது, லேப்டாப்பில் அந்தப் பெயரே வரவில்லை. அடாப்டர் (லேப்டாப்பில் வைஃபை பிடிக்கும் பாகம்) போய்விட்டதா?

அவசரப்பட்டுப் புது அடாப்டர் வாங்காதீர்கள். முதலில் ரவுட்டர் எந்தச் சேனலில், அதாவது அலைவரிசைப் பட்டையின் எந்த எண்ணிட்ட துண்டில், ஓடுகிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த அடாப்டர்கள் பெரும்பாலும் 1 முதல் 11 வரைதான் பார்க்கும், ஐரோப்பாவில் 13 வரை உண்டு, 14 ஜப்பானில் மட்டும், அதுவும் பழைய 802.11பி முறைக்கு மட்டும். என் வீட்டிலேயே இது நடந்தது. இரண்டு நாள் அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து அழித்து நிறுவினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ‘ஆட்டோ’ என்று இருந்தது, அது தானாகப் போய் 13-இல் உட்கார்ந்திருந்தது. 6-க்கு மாற்றினேன், அடுத்த நிமிடமே லேப்டாப் பிடித்துக்கொண்டது.

கணினியில் நாட்டை மாற்றி வைத்தால் கூடுதல் சேனல் கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்காது. விண்டோஸில் நாடு என்று நாம் தேர்ந்தெடுப்பது முக்கியமாகத் தேதி, நாணயம் போன்றவற்றுக்குத்தான். எந்த நாட்டு அலைவரிசை விதி என்பது அடாப்டரின் சொந்த நினைவகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் நாட்டை அமைக்க ‘ஐடபிள்யூ ரெக் செட்’ (iw reg set) கட்டளை இருக்கிறது, ஆனால் அடாப்டருக்குள் ஏற்கெனவே ஒரு நாடு பதிந்திருந்தால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இரண்டு விதிகளையும் ஒப்பிட்டு, இரண்டுமே அனுமதிப்பதை மட்டும்தான் திறந்துவிடும். அதாவது இந்தக் கட்டளையால் கட்டுப்பாட்டை இறுக்கலாம், தளர்த்த முடியாது. இப்போதைய விதியைக் காட்டும் ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ (iw reg get) கொடுக்கும்போது நாடு 00 என்று வந்தால், எந்த நாடு என்று இன்னும் தெரியாததால் எங்கும் செல்லுபடியாகும் மிகக் கறாரான விதி நடப்பில் இருக்கிறது என்று பொருள்.

சிக்னல் போதவில்லை. அனுப்பும் திறனை மென்பொருளில் கூட்டலாமா?

வேண்டாம். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட்தான் உச்சம், அதிலும் ஆன்டெனா சேர்க்கும் பலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், பெரிய ஆன்டெனா மாட்டினால் அடாப்டரின் திறனைக் குறைத்தாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், கணக்கே ஒத்துவராது. திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல், தடையே இல்லாத வெளியில்கூட இரண்டு மடங்கு தூரம் போக 6 டெசிபெல் வேண்டும். அப்புறம், லேப்டாப் எவ்வளவு கத்தினாலும் ரவுட்டர் சொல்வது அதன் காதில் கூடுதலாக விழப்போவதில்லை. ரவுட்டரைச் சுவர் மூலையிலிருந்து எடுத்து நடுவில், உயரமாக வையுங்கள். இதுதான் உண்மையாகவே வேலை செய்யும்.

லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் போட விடமாட்டேன் என்கிறதே?

இது வெறும் கெடுபிடி இல்லை. சேனல் 52 முதல் 144 வரையுள்ள பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே ஒலிபரப்ப நினைக்கும் ரவுட்டர் முதலில் 60 விநாடி சும்மா கேட்க வேண்டும், வானிலை ரேடார் இருக்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால் ஐரோப்பாவில் 10 நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக்கூடாது. சாதாரண லேப்டாப் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ரேடாரைக் கண்டுபிடிக்கும் வசதி கிடையாது, அதனால் ரவுட்டர் அழைத்தால் அந்தச் சேனலில் சேரும், தானாக ஒன்றைத் தொடங்காது. இதைத் தந்திரமாக மீறச் சொல்லும் யோசனைகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. விதி மீறிய ஒரு வைஃபை கருவியால் வானிலை ரேடார் திரையில் அந்தத் திசை நோக்கி நீளமாக ஒரு கோடு விழும், அந்தக் கோட்டுக்குள் மழை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஹாட்ஸ்பாட்டுக்கு 36 முதல் 48 வரை முயன்று பாருங்கள். அதுவும் மறுத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் போடுங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் அடாப்டர் வாங்கியும் அந்தப் பட்டை தெரியவில்லை.

மூன்றைச் சரிபாருங்கள்: விண்டோஸ் 11 இருக்கிறதா, ரவுட்டரில் டபிள்யூபிஏ3 (WPA3) என்ற பாதுகாப்பு முறை போட்டிருக்கிறதா, உங்கள் நாடு அந்தப் பட்டையைத் திறந்திருக்கிறதா. அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் திறந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதன் கீழ்ப்பகுதியை மட்டும். அனுமதி இல்லாத இடத்தில் அடாப்டர் அந்தப் பட்டையைக் காட்டவே காட்டாது, அது பழுது அல்ல.