பத்தமடைப் பாய் கடைக்கு எந்த ஹோஸ்டிங்?
அண்ணாச்சி, பத்தமடைப் பாய் விக்க ஒரு சைட்டு போடணும், ஹோஸ்டிங்குக்கு, அதான் சைட்ட நெட்டுல வைக்க வாடகை எடத்துக்கு, மாசம் 99 ரூவா ஆஃபர் எடுக்கலாமான்னு கேட்டியள்லா, அந்த 99 முத தடவைக்கு மட்டுந்தான், அதுவும் பெரும்பாலும் மூணு நாலு வருசத்துக்கு மொத்தமா கெட்டுனாத்தான் குடுப்பாவ, ரினியூவல் ரேட்டு, அதான் பொறவு புதுப்பிக்கும்போது கெட்டுத துட்டு, கீழ பொடி எழுத்துல கெடக்கும், அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஜிஎஸ்டி 18 சதவீதம் வேற.

இப்போதைக்கு ஒரே சர்வர பல சைட்டுக பங்கு போட்டுக்கிடுத ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளம். எஸ்எஸ்எல்லுக்கு, அதான் சைட்ட பாதுகாப்பா தொறக்க வைக்க சான்றிதழுக்கு, தனியா துட்டு கேட்டா குடுக்காதிய, லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு அமைப்பு குடுக்கது ஓசிலயே கெடைக்கி.

டொமைன, அதான் சைட்டோட அட்ரஸ் பேர, மட்டும் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடில வாங்கிருங்க, சைட்டு செஞ்சு குடுக்க பய பேர்ல இருந்து, நாளைக்கு அவன் போன எடுக்கலேன்னா அம்போதான் பாத்துக்கிடுங்க. பொறவு, பாய் போட்டோவ 5 எம்பிலயே ஏத்தாதிய, 200 கேபிக்குள்ள சுருக்குனாலும் கோரை நெசவு தெளிவாத்தான் தெரியும், சைட்டும் சட்டுனு தொறக்கும்.