24 மணி நேரம் தாண்டவில்லை என்றால் தவறில்லையா?

கேள்வி: என் கணவர் வேலை பார்க்கும் கடையில் பணம் காணாமல் போனது. போன வாரம் இரவு 11 மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, "சின்ன விசாரணை, காலையில் அனுப்பிவிடுவோம்" என்று அவரைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் மாலை 6 மணிக்குத்தான் விட்டார்கள். எழுதாத தாள் இரண்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். நான் கேட்டதற்கு, "24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம், சட்டத்திலேயே இருக்கிறது" என்றார்கள். இப்போது மறுபடி வரச்சொல்லிப் போன் வருகிறது. போகாவிட்டால் கைது செய்வார்களா?

பதில்: உங்களிடம் சொன்னது தவறு. அரசியலமைப்பின் 22-வது பிரிவு, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது. அது போலீசுக்குப் போடப்பட்ட எல்லைக்கோடு. யாரையும் ஒரு நாள் உட்கார வைத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 58-வது பிரிவும், நியாயமாகத் தேவைப்படும் நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் 24 மணி நேரம் என்ற உச்சவரம்பைச் சொல்கிறது.

உங்கள் கணவரால் எழுந்து வீட்டுக்கு வர முடியவில்லை என்றால், அதற்கு விசாரணை என்று பெயர் வைத்தாலும் அது காவல்தான். அப்படியானால் கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி ஒரு சாட்சியின் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், உங்களுக்குத் தகவல் தந்திருக்க வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட்டிருக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று சட்டமாகவே இருக்கின்றன. காரணத்தைப் புரியும்படி தெரிவிக்காத கைது செல்லாது என்று 2025-ல் விஹான் குமார் வழக்கிலும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (குண்டர் சட்டம் போன்ற தடுப்புக்காவலுக்கு வேறு விதிகள். உங்கள் விஷயம் அதுவல்ல.)

சரி, இப்போது போக வேண்டுமா? போனில் கூப்பிட்டதற்காக ஓட வேண்டாம்; ஒளியவும் வேண்டாம். எழுத்தில் சம்மன் கொடுங்கள், வருகிறேன் என்று அவர் சொல்லட்டும். சாட்சியாகக் கூப்பிட்டால் அதே சன்ஹிதாவின் 179-வது பிரிவின் கீழும், சந்தேக நபராக என்றால் 35(3)-ன் கீழும் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். 35-வது பிரிவு நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போகட்டும். அதை மதித்து நடப்பவரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. மதிக்காமல் இருந்தால் அதுவே கைதுக்கு வழி திறந்துவிடும். தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு அரசியலமைப்பின் 20(3)-வது பிரிவின்படி உரிமை உண்டு; காவல் நிலைய விசாரணைக்கும் அது பொருந்தும் என்பது 1978-ல் நந்தினி சத்பதி வழக்கிலேயே முடிவான விஷயம்.

எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு வெள்ளைத் தாள்கள்தான். போலீஸ் விசாரணையில் தரும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது, போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனாலும் அந்தத் தாளில் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக்கொள்ளலாம், சமரசம் ஆகிவிட்டது என்றும் எழுதிக்கொள்ளலாம். அதனால் இன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (மாநகரம் என்றால் ஆணையருக்கு) உங்கள் கணவர் பெயரில் ஒரு புகார் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், எப்போது விட்டார்கள், எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை வரிசையாக எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அந்த இரவின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள்; எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த உத்தரவு. நகலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம். அங்கே ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

மறுபடி கூட்டிப்போய், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ஆட்கொணர்வு மனு போடலாம். மனைவியாக நீங்களே மனுதாரர் ஆகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்: காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.