வெண்டியில் வைரஸ்தான், மிளகாயில் அவசரப்பட வேண்டாம்

கேள்வி: குச்சவெளியில் அரை ஏக்கரில் வெண்டியும் மிளகாயும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். வெண்டி இலையின் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மிளகாய்க் குருத்து சுருளுகிறது. மருந்துக் கடையில் இரண்டும் ஒரே வைரஸ் என்று மூன்று மருந்து தந்தார்கள். அடித்தும் பலனில்லை. இது வைரஸ்தானா? எங்கே பரிசோதிக்கலாம்? வெண்டியில் விதை எடுக்கலாமா?

பதில்: தம்பி, வெண்டியில் எனக்குச் சந்தேகமில்லை. சத்துக் குறைபாடு என்றால் பெரும்பாலும் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதிதான் வெளுக்கும். உங்கள் வெண்டியில் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. நரம்புகள் மஞ்சள் வலை போலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்பு வைரஸ். வெண்ஈதான் இதைக் காவுகிறது. கச்சான் வீசும் சிறுபோகத்தில் வெண்ஈ பெருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வந்த செடியைக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. பூக்குமுன் தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

மிளகாய் வேறு கதை. குருத்துச் சுருள முக்கியமாக மூன்று காரணம் உண்டு. வெண்ஈ காவும் இலைச்சுருள் வைரஸ் அதில் ஒன்றுதான். பனிப்பூச்சி என்றால் இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு தோணி போலாகும். சிற்றுண்ணி என்றால் இலை கீழ்நோக்கி வளைந்து, குறுகி, காம்பு நீளும். வைரஸிலும் மேல்நோக்கியே சுருளும், ஆனால் நரம்பு தடித்து, இலை சிறுத்துக் கொத்தாகி, செடியே குட்டையாக நின்றுவிடும். வெள்ளைக் கடதாசி மேல் குருத்தைத் தட்டிப் பாருங்கள், பனிப்பூச்சி இருந்தால் ஊர்ந்து ஓடும். சிற்றுண்ணிக்கு பூதக்கண்ணாடி வேண்டும். தம்பலகாமத்தில் ஒரு தோட்டத்தைப் பார்த்து நானே 'வைரஸ், பிடுங்குங்கள்' என்று சொல்லியிருக்கிறேன். தோட்டக்காரர் என் பேச்சைக் கேட்காமல் நனையும் கந்தகம் அடித்தார். இரண்டு கிழமையில் புதுக்குருத்து சுத்தமாக வந்தது. சிற்றுண்ணியைத்தான் நான் வைரஸ் என்றிருக்கிறேன். உண்மையில் வைரஸ் பிடித்திருந்தால் அப்படித் தெளிவாகக் குருத்து வராது.

நோயின் பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம்? வெண்ஈ இலைச்சுருள் வைரஸை உடனே கடத்தாது. கொஞ்ச நேரம் உறிஞ்ச வேண்டும், பிறகு சில மணித்தியாலம் கழித்தே பரப்பும், ஆனால் ஆயுள் முழுக்கக் காவும். ஆகவே வெண்ஈயைக் கட்டுப்படுத்தினால் ஓரளவு பலன் கிடைக்கும். அழுக்கணவன் காவும் வெள்ளரித் தேமல் வைரஸ் மிளகாயிலும் வரும். அது ஒரு நிமிடத்துக்குள் ஏறி, அடுத்த செடியில் இறங்கிவிடும். மருந்து பூச்சியைக் கொல்லுமுன் காரியம் முடிந்துவிடும். புகையிலைத் தேமல் வைரஸுக்குப் பூச்சியே வேண்டாம், சுருட்டுப் பிடித்த கையே போதும்.

பரிசோதனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் போங்கள். ஹோமாகமவில் விவசாயத் திணைக்களத்தின் வைரஸ் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 1920 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். எலைசா முறை வைரஸின் புரதத்தை நிறமாற்றத்தால் காட்டும். பி.சி.ஆர். அதன் மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும். இரண்டுமே தேடுகிற வைரஸைத்தான் காட்டும். அதனால் என்ன பயிர், எப்போது தொடங்கியது, எந்தப் பூச்சியைப் பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

விதை விஷயம். வெண்டி மஞ்சள் நரம்பு வைரஸ் விதையில் பரவுவதாகக் கருதப்படுவதில்லை. என்றாலும் நோயுள்ள செடியின் விதை எனக்குப் பிடிக்காது, காய்களும் சிறுத்து வெளுத்திருக்கும். அடுத்த போகத்துக்கு விதைப்பதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே, வெண்ஈயைத் தடுக்க, காற்று வரும் பக்கம் சோளன் இரண்டு வரிசை போடுங்கள். மிளகாய் நாற்றுமேடைக்கு வலை கட்டாயம்.

மாதிரிக்கு நான்கைந்து செடிகளின் சுருண்ட இளங்குருத்தைத் தனித்தனியே எடுங்கள். நல்ல செடியின் இலையும் ஒன்று வேண்டும். காய்ந்த கடதாசியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு, ஐஸோடு, ஆனால் ஐஸ் கட்டி இலையில் படாமல் வையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அனுப்ப வேண்டாம், சனி ஞாயிறு எங்காவது வெயிலில் கிடந்தால் அங்கே போய்ச் சேர்வது வெறும் கூழ்தான்.