சப்ஸ்டன்ஸ் சிடியில் ‘டெம்ப்டேஷன்’ வேறு மாதிரி கேட்கிறதே – பதில்

நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ‘சப்ஸ்டன்ஸ்’ சிடியில் ‘டெம்ப்டேஷன்’ பாட்டு பழைய பதிவு மாதிரி இல்லையே, போலியோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சிடி போலியில்லை, கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 1982-இல் வந்த ‘டெம்ப்டேஷன்’ கேட்டுப் பழகியவர்கள் நியூ ஆர்டரின் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பைப் போட்டதும் திடுக்கிடத்தான் செய்வார்கள். 1987-இல் ஃபேக்டரி நிறுவனம் இந்தத் தொகுப்பை வெளியிட்டபோது, குழு அந்தப் பாட்டையும் ‘கன்ஃப்யூஷ’னையும் புதிதாகவே பதிவு செய்தது. அதனால்தான் டிரம்ஸ் அவ்வளவு துல்லியமாக, இறுக்கமாக ஒலிக்கிறது. பழைய பதிவில் எல்லாம் கொஞ்சம் கரடுமுரடு. குரல் தடுமாறும், தாளம் முந்திக்கொண்டு ஓடும். என் மனசு அந்தத் தடுமாற்றத்தின் பக்கம்தான்.

‘செரிமனி’யிலும் இதே கதை. நியூ ஆர்டருக்கு முன் இதே ஆட்கள் நடத்திய ‘ஜாய் டிவிஷன்’ குழுவில் பாடகர் இயன் கர்ட்டிஸ் இருந்த காலத்துப் பாட்டு அது. அவர் இறந்த பிறகு, 1981 தொடக்கத்தில் மீதி மூன்று பேராக அதை வெளியிட்டார்கள். கீபோர்டும் கிட்டாரும் வாசிக்கும் கில்லியன் கில்பர்ட் சேர்ந்த பிறகு அதே ஆண்டு மறுபடி பதிவு செய்தார்கள். சப்ஸ்டன்ஸ் தொகுப்பில் இருப்பது இரண்டாவது பதிவு.

சரி, நீங்கள் தேடும் ‘டெம்ப்டேஷன்’ எங்கே கிடைக்கும்? ‘1981–1982’ என்ற இபியைப் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு இசைத்தட்டு) பாருங்கள், பழைய பதிவு அதில் இருக்கிறது. 1982-இன் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு கைக்கு வந்தால் இன்னும் நல்லது.

அதற்காக சப்ஸ்டன்ஸை ஓரங்கட்டிவிடாதீர்கள். ‘ப்ளூ மண்டே’ ஏழரை நிமிடமும் முழுசாக அதில் இருக்கிறது. அப்புறம் இரண்டாவது சிடியில் ‘1963’ கேளுங்கள். ‘ட்ரூ ஃபெய்த்’ இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு, ஆனால் முன்பக்கத்துக்கே தகுதியானது.