கழுவெளிக்கு ரூபாயில் கணக்குப் போட முடியுமா?

கேள்வி: அத்திப்பட்டுப் பக்கம் ஆற்றோரக் கழுவெளியை (உவர்நீர்ச் சதுப்பு நிலத்தை) ஒரு தொழில் திட்டத்துக்காக மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். ஆவணத்தில் அது தரிசு. அந்தக் கழுவெளியால் ஊருக்குக் கிடைக்கும் பயன்களை ரூபாயில் கணக்கிட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொடுக்க முடியுமா? (வாசகர், மீஞ்சூர்)

பதில்: முடியும், கட்டாயம் கொடுங்கள். ஆனால் உலகச் சராசரி ஒன்றை எடுத்து ஏக்கரால் பெருக்கிவிடாதீர்கள். சூழலியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் கோஸ்டான்சா குழுவினர் 1997-இல் அலையாத்தி, உவர்ச் சதுப்பு நிலங்களுக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 9,990 டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2014-இல் அதுவே சுமார் 1,94,000 டாலர் ஆனது. ஆய்வுகள் பெருகியதால் வந்த மாற்றம் இது. எதிர்த்தரப்பு இந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மனு நிற்காது.

வெள்ளத்திலிருந்து தொடங்குங்கள். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் வந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடல் சேர்கிறது. ஓர் ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர் நிலத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால் சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் போய்விடும். 12,000 லிட்டர் லாரிகளில் 330-க்கு மேல் வேண்டும். அந்தத் தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் ஏறும் என்று மணலி புதுநகரில் கேட்டுப் பாருங்கள். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) வரும்போது மூழ்கிவிடும் உயரத்தை மட்டும் கழித்துவிடுங்கள். மழைவெள்ளத்துக்கு மிஞ்சுவது அதற்கு மேல் உள்ள இடம்தான். அதே கொள்ளளவை வேறிடத்தில் வெட்ட என்ன செலவாகும்? பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ஒரு கன மீட்டர் மண் வெட்டும் கூலி இருக்கிறது. நிலத்தின் விலையையும் அதோடு சேருங்கள்.

அடுத்தது மீன்பாடு. பறியை (மீன் போடும் கூடையை) வாயில் கவ்விக்கொண்டு சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களிடம் முதலில் போங்கள். படகு இல்லை, ஏலம் இல்லை என்பதால் அவர்கள் பிடிப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இழப்பீடு பேசும்போது அவர்கள் விடுபட்டுப்போவது பெரிய அநீதி. நல்ல பருவம், மந்தமான பருவம் இரண்டிலும் என்ன கிடைக்கிறது, என்ன விலைக்குப் போகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். இறால் குஞ்சு வளரும் இடம் என்று இன்னொரு தொகையைச் சேர்த்தால் ஒரே பயனை இருமுறை எண்ணியதாகும்.

கழுவெளி நன்னீரை ஊறவைக்கிறது என்று எழுத வேண்டாம். அது உவர் நிலம். மீஞ்சூரில் நிலத்தடி நீர் உப்பானதற்கு அளவுக்கு மீறி உறிஞ்சியதே முக்கியக் காரணம். ரெட்டேரி, மாதவரம் ஏரிகளுக்கு அந்த வாதம் பொருந்தும், இங்கே பொருந்தாது. சேற்றில் சேரும் கரிமத்தின் கணக்கை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

மேடாக்கிய நிலத்தின் விலை ஏறும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏறும் விலை யாருக்குப் போகிறது, இழப்பு எந்தக் குப்பத்தில் விழுகிறது என்று அருகருகே காட்டினால்தான் கணக்கு முழுமையாகும்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதற்குள் புல எண்கள், அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) நகல், இஸ்ரோவின் புவன் தளத்திலிருந்து செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை இணைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.